விண்ணப்பத்தில் அந்த ஒரு கட்டம்

ஆசிரியருக்கு வணக்கம்.

புது வீடு கட்டுவோருக்காக நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். தரைக்கு என்ன கல் போடலாம் என்பதற்கே ஒரு பக்கம் போய்விட்டது. மின் இணைப்புக்குக் கிடைத்தது ஒரே வரி: ‘வேலை முடியும் தறுவாயில் விண்ணப்பிக்கவும்.’ 30 ஆண்டு வயரிங் வேலை பார்த்தவன் நான். அந்த வரியோடு எனக்குச் சண்டை உண்டு.

விண்ணப்பத்தில் பெயர், முகவரியெல்லாம் எவரும் தவறாக எழுதுவதில்லை. ‘மொத்த மின்பளு எத்தனை கிலோவாட்’, அதாவது எல்லாக் கருவிகளும் சேர்ந்து எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்ற கட்டத்துக்கு வந்ததும்தான் பேனா தடுமாறும். பக்கத்து வீட்டுக்காரர் எழுதியதையே எழுதிவிட்டு வருவார்கள். வைப்புத்தொகை குறையட்டும் என்று வேண்டுமென்றே குறைத்து எழுதுவோரும் உண்டு. அந்த எண்ணை வைத்துத்தான் ஒருமுனையா மும்முனையா, கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் எவ்வளவு தடிமன், மீட்டர் எது, தெருவிலுள்ள டிரான்ஸ்பார்மர் தாங்குமா என்பதெல்லாம் முடிவாகிறது.

வீட்டுக் கணக்கு கடினமில்லை. வாட்டர் ஹீட்டர் 2,000 வாட், இண்டக்‌ஷன் அடுப்பு 2,000, இரண்டு ஏசி சேர்ந்து 3,000, மோட்டார் 750. இதுவே 7,750 ஆயிற்று. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாதுதான், அதற்காகக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் நாளைக்கு மின்சாரக் கார் வாங்கினால்? 230 வோல்ட்டில் 32 ஆம்பியர் இழுக்கும் சார்ஜர் ஒன்றே 7,400 வாட்டுக்கு வந்து நிற்கும், அதுவும் மணிக்கணக்கில். வரைபடம் போடும்போதே இதை யோசித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தொழில் நடத்துவோர் பாடு வேறு. பட்டறை ஒன்றுக்கு வயரிங் செய்து கொடுத்தேன். உரிமையாளர் விளக்கையும் விசிறியையும் மட்டும் கணக்கில் எழுதி இணைப்பு வாங்கிவிட்டார். ஆறு மாதத்தில் 10 ஹெச்.பி. மோட்டார் வந்து இறங்கியது. அது மும்முனையில் ஓடும்போது ஏறக்குறைய 15 ஆம்பியர்தான். நேரடியாக ஸ்டார்ட் செய்யும் கணத்திலோ ஆறு மடங்குகூட இழுக்கும். புது கேபிள், புது மீட்டர், சிமெண்ட் போட்ட தரையை மறுபடி வெட்டியது, எல்லாம் அவர் தலையில் விழுந்தது. மோட்டார் ஏதும் வருமா என்று முதலிலேயே நானும் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, அது என் தப்பு.

அதற்காகக் கூட்டி எழுதுவதும் புத்திசாலித்தனமில்லை. வணிக இணைப்புக்குப் பல இடங்களில், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், ஒப்பந்த மின்பளுவுக்கென்று மாதாமாதம் நிலைக்கட்டணம் உண்டு. கேவிஏ, அதாவது லைனிலிருந்து இழுக்கும் மொத்தத் திறன், கணக்குக்கு வந்தால் இன்னும் கவனம் வேண்டும்: அதில் உண்மையில் வேலைக்கு ஆகும் பங்கான பவர் ஃபேக்டர் 0.8 என்றால் 20 கிலோவாட் என்பது 25 கேவிஏ.

தாமதத்துக்கு வருகிறேன். கம்பம் நட வேண்டியிருந்தால், டிரான்ஸ்பார்மர் மாற்ற வேண்டியிருந்தால், அது ஒரு வாரத்தில் நடக்கிற காரியமல்ல. பெயிண்ட் காய்ந்து, குடிபுகும் நாளும் குறித்தபின் அலைவதில் பயனில்லை. அஸ்திவாரத்தின்போதே மின்பளுவைச் சொல்லி, கம்பி எந்தப் பக்கத்திலிருந்து வரும், மீட்டர் எங்கே என்று கேட்டுவிட வேண்டும். மழை படாமல், ரீடிங் எடுப்பவர் வீட்டுக்குள் நுழையாமல் பார்க்கிற இடமாக மீட்டர் இருக்கட்டும்.

இணைப்பு கொடுக்கும் முன் எர்த்தை அளந்து, மின்கசிவைத் தடுக்கும் வயர் உறையின் காப்பை, அதன் மின்தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் கருவியில் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் எங்கோ வயர் நசுங்கியிருக்கிறது அல்லது ஈரம் இறங்கியிருக்கிறது. 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் இல்லாத வீட்டுக்கு நான் கையெழுத்துப் போட்டதில்லை.

அடுத்த முறை இப்படியொரு கட்டுரை வந்தால், அந்த ஒரு வரியையாவது மாற்றிப் போடுங்கள். கூடவே, மீட்டர் பெட்டியிலிருந்து கார் நிறுத்துமிடம்வரை வெறும் குழாய் ஒன்றைப் புதைத்து வைக்கச் சொல்லி எழுதினால், தரையை இன்னொரு முறை வெட்டுகிற செலவு மிச்சமாகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வயரிங் மேற்பார்வையாளர் ஒருவர்