குருவின் கடிதத்தையும் சேர்க்கைக் கடிதமாக ஏற்றுக்கொள்ளுங்கள்

இந்தியாவில் இசை கற்க வரும் வெளிநாட்டவருக்கு விசா விதிகளை வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். கும்பகோணத்துக்கு அருகே ஒரு சிற்றூரில், தவில் வித்வான் ஒருவரின் வீட்டில் தங்கி அவரிடம் தவில் கற்றேன். ஆனி மாதக் கடைசியில் பாடம் பாதியில் நிற்க, ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். சுற்றுலா விசாவில் வருபவர் ஆறு மாதத்துக்கு மேற்படாத, சான்றிதழ் தராத குறுகிய காலப் பயிற்சியாக இசை கற்கலாம். அதற்கு மேல் கற்க வேண்டுமானால் மாணவர் விசா வேண்டும். மாணவர் விசாவுக்கு அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் சேர்க்கைக் கடிதம் வேண்டும். என் குரு நிறுவனம் அல்ல.

ஆறு மாதம் போதாதா என்று கேட்பீர்கள். தவில் கற்பவனுக்கு ஆண்டு இரண்டு பாதியாக இருக்கிறது. தை முதல் ஆனி வரை கல்யாணம், கும்பாபிஷேகம், திருவிழா என்று குரு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பார். சீடன் தவிலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவான். இரவு முழுக்கச் சாமி புறப்பாட்டோடு நடந்து, தாளம் போட்டு, தொடக்கத்தில் வாசிக்கும் அலாரிப்பு எப்படி எழுகிறது, புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரிக்கு எந்த இடத்தில் முத்தாய்ப்பாகத் தீர்மானம் விழுகிறது என்று காதால் பிடிப்பான். முகூர்த்தம் குறையும் ஆடி, மார்கழி போன்ற மாதங்களில்தான் குருவுக்கு வீட்டில் உட்கார்ந்து சொல்லித்தர நேரம் கிடைக்கும். கேட்டதையெல்லாம் கைக்குக் கொண்டுவருவது அப்போதுதான். தையில் வந்து ஆனியில் போகிறவனுக்குக் கேள்வி ஞானம் மட்டும் உண்டு, பாடம் இல்லை. ஆடியில் வந்து மார்கழியோடு போகிறவனுக்குப் பாடம் உண்டு, வீதி இல்லை. வலது கை விரல்களில் கூடு மாட்டி அடித்துக் கை பழகுவதற்கே மாதங்கள் ஆகும். இடைவெளி விட்டால் பழகின கையும் போய்விடும்.

இதைச் சொல்லி வழி கேட்கத்தான் அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். எழுபது வயதைத் தாண்டிய என் குருவும், நான் தனியே அலையக் கூடாதென்று கூடவே பேருந்தில் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, சட்டைப் பையில் அவரே கைப்பட எழுதிய கடிதம். காலையிலிருந்து மதியம் வரை காத்திருந்தோம். முறை வந்ததும் அதிகாரி கடிதத்தைப் பார்த்துவிட்டு, "உங்க நிறுவனத்தோட பதிவு எண் என்ன பெரியவரே?" என்றார்.

"நிறுவனம்லாம் இல்லீங்க. வீட்டுத் திண்ணையிலதான் சொல்லித்தர்றேன்."

"உங்க கல்வித் தகுதி?"

என் குரு பதில் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் குருகுலத்துக்குப் போனவர் அவர். அந்தக் கேள்வியைக் கேட்டவர் மரியாதையாகத்தான் கேட்டார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் இருந்த படிவத்தில் வேறு கேள்வி இல்லை. ஆனால் திருவிழாக் கூட்டம் எழுந்து வழிவிடும் ஒரு மனிதர் அந்த மேசைக்கு முன்னால் தலை குனிந்து நின்றதை நான் பார்த்தேன். பேருந்தில் திரும்பும்போது, "என்னாலதான் உனக்குக் கிடைக்காமப் போச்சு" என்றார். நீங்கள் இந்த மடலில் வேறெதையும் படிக்காவிட்டாலும் அந்த ஒரு வரியைப் படியுங்கள்.

என் குரு அகில இந்திய வானொலியின் 'ஏ' தரக் கலைஞர். அந்தத் தரத்தை உங்கள் வானொலியின் இசைத் தேர்வுக் குழு அவர் வாசிப்பைக் கேட்டுத்தான் கொடுத்தது. உங்கள் கலாசார அமைச்சகம் குரு சிஷ்ய பரம்பரை என்ற பெயரிலேயே நிதியுதவித் திட்டம் நடத்துகிறது. சங்கீத நாடக அகாதெமி விருதும், தமிழ்நாட்டின் கலைமாமணி விருதும் இப்படிப்பட்டவர்களுக்கே போகின்றன. மேடையில் பொன்னாடை போர்த்தும் அரசு, அவர் எழுதிய கடிதத்தை மட்டும் ஏன் கையால் வாங்க மறுக்கிறது?

தமிழ்நாட்டில் அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன, அங்கே தவிலும் சொல்லித்தருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த ஆசிரியர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் மூன்றாண்டுப் படிப்புக்கு இருபத்தைந்து வயதுக்குள் சேர வேண்டும். நான் அதைக் கடந்துவிட்டேன். அதோடு, ஒரு குறிப்பிட்ட பாணியைத் தேடி வருகிறவன் அந்தப் பாணிக்காரரிடம்தான் போய் உட்கார முடியும். விசாவுக்காக எங்கோ ஒரு பட்டயப் படிப்பில் பெயரைப் பதிந்துகொண்டு, குருவிடம் மறைவாகப் போய்க் கற்பவர்களை எனக்குத் தெரியும். என் குருவிடம் நான் அப்படிப் போக மாட்டேன்.

எங்கள் இரு கரைக்கும் இது புதிய உறவும் அல்ல. தஞ்சைப் பக்கத்து நாதஸ்வர, தவில் கலைஞர்கள் எங்கள் கோயில்களுக்கு வந்து தங்கி வாசித்தார்கள். எங்கள் தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி அங்கே போய்ச் சபைகளைக் கட்டிப்போட்டார். நடுவில் யுத்தம் எல்லாவற்றையும் அறுத்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியபோது, பழைய போக்குவரத்து திரும்பிவிட்டதென்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மகிழ்ந்தார்கள். கப்பல் விட்டீர்கள். போனவனைத் தங்கிக் கற்க விடுங்கள். டொராண்டோவிலும் லண்டனிலும் பிறந்த எங்கள் பிள்ளைகளும் இதே வாசலில்தான் நிற்கிறார்கள்.

பாதுகாப்புக் குறித்த உங்கள் அக்கறையை நான் மறுக்கவில்லை. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருவோர் 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி எங்களுக்கும் பொருந்தட்டும். காவல் நிலையத்தில் மாதந்தோறும் கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறோம். தங்கும் வீட்டை வந்து பாருங்கள். எந்த நேரத்தில் வந்தாலும் தவில் சாதகம் செய்யும் சத்தம் கேட்கும்.

நான் பணிவோடு கேட்பது ஒன்றுதான். வானொலித் தரம் பெற்றவர்கள், அகாதெமி விருதோ மாநில விருதோ பெற்றவர்கள் ஆகியோரின் கடிதத்தை மாணவர் விசாவுக்குச் சேர்க்கைக் கடிதமாக ஏற்றுக்கொள்ளுங்கள். குறைந்தது ஓராண்டு, முடிந்தால் மூன்றாண்டு, ஆண்டுதோறும் குரு உறுதிசெய்தால் நீட்டிக்கும்படி கொடுங்கள். அந்த அலுவலக மேசையில் இருக்கும் படிவத்தில், 'கல்வித் தகுதி' என்ற கேள்விக்குப் பக்கத்தில், 'வானொலித் தரம் அல்லது விருது' என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும்.

தை பிறந்தால் என் குரு மறுபடியும் திருவிழாக்களுக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் ஒரு பதில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்துத் தவில் மாணவன்