ஓபர்லினிலிருந்து வெலிங்டனுக்கு ஒன்பது மைல்

அன்புள்ள மாணிக்கம்,

நலம், நலமறிய ஆவல். முழங்கால் ஆபரேஷன் முடிந்து வாசல்வரை நடக்கிறாய் என்று தங்கச்சி போனில் சொன்னது. அவசரப்பட்டு மாடிப்படி ஏறிவிடாதே. கிளீவ்லாந்தில் குளிர் விட்டுவிட்டது. பேத்தி இப்போது தமிழிலேயே சண்டை போடுகிறாள்.

செங்கல் சூளையில் இருந்த கொத்தடிமைக் குடும்பங்களை மீட்டதைப் பற்றி எழுதியிருந்தாய். சூளைக்குள் நடந்தது ஊருக்கே தெரியும், ஆனால் வருஷக்கணக்கில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை என்று நீ எழுதிய வரி மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. அந்த நினைப்போடுதான் போன வாரம் மருமகனோடு ஓபர்லின் போனேன். இங்கிருந்து காரில் முக்கால் மணி நேரம். சின்ன ஊர், ஒரு கல்லூரி. 1835-லேயே கருப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொண்ட கல்லூரி அது.

அந்தக் காலத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களின் அடிமைத்தனத்திலிருந்து ஓடி வரும் கருப்பர்கள் ஈரி ஏரியைக் கடந்து கனடா போக வேண்டும். வழியில் இந்த ஊரில் தங்குவார்கள். 1850-இல் வந்த சட்டப்படி, அவர்களை ஒளித்துவைத்தால் ஆயிரம் டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. பிடிக்க வந்த அதிகாரி கூப்பிட்டால் ஊர்க்காரர்களும் கூடப்போய்ப் பிடித்துக்கொடுக்க வேண்டும். 'இவன் அடிமைதான், கொண்டுபோகலாம்' என்று எழுதும் விசாரணைக் கமிஷனருக்குப் பத்து டாலர் கட்டணம். 'இல்லை' என்று விடுவித்தால் ஐந்து. இப்படி ஒரு சட்டத்தை உட்கார்ந்து எழுதியிருக்கிறார்களே மாணிக்கம்!

1858 செப்டம்பர் 13. கென்டக்கியிலிருந்து தப்பி வந்த ஜான் பிரைஸ் என்ற இளைஞனை, உருளைக்கிழங்கு தோண்ட ஆள் வேண்டும் என்று ஆசைகாட்டி ஒரு பண்ணைக்காரரின் மகன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். சின்னப் பையன். அதற்கு அவனுக்குக் கிடைத்தது இருபது டாலர். ஊருக்கு வெளியே காத்திருந்தவர்கள் பிரைஸைப் பிடித்து வெலிங்டனுக்குக் கொண்டுபோனார்கள். வழியில் எதிர்ப்பட்ட ஒரு மாணவன் காதில் பிரைஸின் அலறல் விழுந்தது. அவன் ஓபர்லினுக்கு வந்து சொன்னான்.

சேதி பரவியதும் கடைக்காரர்கள் கடையை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். சேணம் தைப்பவர், தச்சர், புத்தகக் கடை எழுத்தர், மாணவர்கள். குதிரையிலும் வண்டியிலும் கால்நடையாகவும் ஒன்பது மைல். வெலிங்டனில் அன்று ஒரு தீ விபத்து. அதைப் பார்க்க வந்த கூட்டமும் சேர்ந்துகொண்டது. ஓட்டல் மாடி அறையில் பிரைஸை அடைத்துவைத்து, கொலம்பஸ் போகும் மாலை ரயிலுக்குக் காத்திருந்தார்கள். பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் சிலர் உள்ளே புகுந்து அவனை வெளியே கொண்டுவந்தார்கள். புத்தகக் கடை எழுத்தர் சிமியன் புஷ்னெல் வண்டியைத் தயாராக வைத்திருந்தார், ஏற்றிக்கொண்டு பறந்துவிட்டார். பிறகு ஜேம்ஸ் ஃபேர்சைல்டு என்ற பேராசிரியரின் வீட்டில் ஒளித்துவைத்தார்கள். அமைதியான மனிதர், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பதுதான் காரணம். அங்கிருந்து பிரைஸ் கனடா போய்விட்டான்.

முப்பத்தேழு பேர்மேல் வழக்கு. அதில் பன்னிரண்டு பேர் கருப்பர்கள். என்னை உலுக்கியது இதுதான். வெள்ளைக்காரர் மாட்டினால் சிறை, அபராதம். கருப்பருக்கோ யாரோ ஒருவன் 'இவன் என் அடிமை' என்று சத்தியம் செய்தாலே போதும், வாழ்க்கையே போய்விடும். தன் தரப்பைச் சொல்லக்கூட அந்தச் சட்டம் விடாது. அது தெரிந்தும் போனார்கள்.

தண்டனை பெற்றவர்கள் இருவர். புஷ்னெலுக்கு அறுபது நாள். சார்லஸ் லாங்ஸ்டன் என்ற கருப்பின ஆசிரியருக்கு இருபது நாள். தீர்ப்புக்கு முன் லாங்ஸ்டன் நீதிமன்றத்தில் எழுந்து பேசியதைப் படித்தேன். என்னை இப்படிப் பிடித்துக்கொண்டு போனால் என் அயலார் வந்து மீட்பார்கள் என்று நம்புவேன், அதனால் நானும் மறுபடி இதையேதான் செய்வேன் என்கிறார். நீதிபதி தண்டனையைக் குறைத்ததே அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் என்கிறார்கள். ஜாமீன் வேண்டாம் என்று கிளீவ்லாந்து சிறையில் இருந்தவர்கள் உள்ளேயே ஒரு பத்திரிகை அச்சடித்தார்கள். இன்னொரு பக்கம், பிரைஸைப் பிடித்தவர்கள்மேல் உள்ளூரில் ஆள்கடத்தல் வழக்குப் பாய்ந்தது. அதனால் அவர்கள் இறங்கிவர, இரண்டு தரப்பு வழக்குகளும் கைவிடப்பட்டு, 1859 ஜூலையில் சிறையில் மிச்சமிருந்தவர்களும் வெளியே வந்தார்கள். சேணக்காரர் லூயிஸ் லியரி, தச்சர் ஜான் கோப்லண்ட் இருவரும் அதே வருஷம், அடிமைகளை விடுவிக்க ஆயுதமெடுத்த ஜான் பிரவுனோடு ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக்கிடங்கைத் தாக்கப் போய் உயிரைவிட்டார்கள். ஓபர்லினில் அவர்களுக்கு ஒரு நினைவுத்தூண் இருக்கிறது.

அந்த மனிதர்களுக்குச் சட்டமே எதிரி. நமக்கு 1976-லிருந்து கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இருக்கிறது. கலெக்டருக்கு ஒரு மனு எழுதினால் போதும், யாரும் நம்மைச் சிறையில் போடமாட்டார்கள். அப்படியும் நம் ஊர் பேசாமல் இருந்தது என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. சூளைக்காரரிடம் கடன், அவர் வயலில் வேலை, சாதிப் பயம் என்று நீ சொல்லும் காரணங்கள் புரிகின்றன. ஓபர்லின்காரர்களுக்கும் பயப்படக் காரணம் இருந்தது.

கடைசியில் புகார் கொடுத்தது யார் என்று நீ எழுதவில்லை. பெயர் வேண்டாம், எப்படிப்பட்டவர் என்று மட்டும் சொல். அந்தக் குடும்பங்களுக்குக் கோட்டாட்சியரின் விடுவிப்புச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டதா? அது இல்லாமல் அரசு உதவி கிடைக்காது. நீ கூடப்போய்க் கேள். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கப் பணம் தேவைப்பட்டால் எழுது, மருமகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ராமு