லேசான ரத்தம்: டாக்டர் பாஸெம் யூசுஃபுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள டாக்டர் பாஸெம் யூசுஃப் அவர்களுக்கு,

உங்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அரபியில் தெரிந்ததெல்லாம் சைட்டில் பிழைக்கத் தேவையான நாற்பது ஐம்பது வார்த்தைகள்: தண்ணீர், கம்பி, சிமெண்ட், நாளைக்கு, சம்பளம் எப்போது. ஆகவே இந்தக் கடிதம் உங்களிடம் வந்து சேரப்போவதில்லை. அதில் ஒரு வசதி, உங்களைப் பற்றி உங்களிடமே தாராளமாகப் பேசலாம்.

ஷார்ஜாவில் ஒரு கான்ட்ராக்டிங் கம்பெனியில் எட்டு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். எங்கள் சைட் எஞ்சினியர் ஒரு மிஸ்ரி. வளைகுடாவில் எகிப்துக்காரர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வது. நைல் டெல்டாவில் ஏதோ கிராமம், நல்ல உடம்பு, அதைவிடப் பெரிய குரல். சனிக்கிழமை காலையில் டெலிவரி நோட்டில் கையெழுத்துப் போட ஸ்டோருக்கு வருவார். வந்தால் கையெழுத்தை விட்டுவிட்டு போனை எடுப்பார். முந்தின நாள் இரவு கெய்ரோவில் ஒளிபரப்பான உங்கள் அரசியல் நையாண்டி நிகழ்ச்சி அதற்குள் யூடியூபில் வந்திருக்கும். ஒரு வரியைக் கேட்டு முதலில் அவர் சிரிப்பார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாதி இங்கிலீஷும் பாதி சைட் ஹிந்தியுமாக எனக்கு விளக்குவார். விளக்கி முடிப்பதற்குள் ஜோக் செத்துப்போயிருக்கும். ஆனாலும் நான் சிரிப்பேன். அந்த மனிதர் சிரிப்பதைப் பார்த்துவிட்டு யாராலும் சும்மா இருக்க முடியாது.

அவரிடம்தான் அந்தச் சொல்லைக் கற்றேன். நகைச்சுவையான ஆளை உங்கள் ஊரில் ‘தம்மு கஃபீஃப்’ என்பார்களாம், ரத்தம் லேசானது என்று. சலிப்பூட்டுகிறவனுக்கு ரத்தம் கனம். தமிழில் நாங்கள் சலிப்பூட்டுகிற ஆளை ‘அறுவை’ என்போம். இதயத்தை அறுக்கிற டாக்டர் ஒருவர் ஒரு நாட்டையே சிரிக்க வைத்தார் என்றால் எங்கள் மொழி கொஞ்சம் குழம்பத்தான் செய்யும்.

உங்கள் கதையை அவர் சொல்லித்தான் கேட்டேன். அப்புறம் நானே தேடிப் படித்தேன். 2011 ஜனவரியில் அதிபர் முபாரக்கை எதிர்த்து கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் கூட்டம் கூடியபோது உங்களுக்கு 36 வயது. காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்ய அங்கே போனீர்கள். வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால் அது வேறொரு சதுக்கத்தைக் காட்டியது. அங்கே இருப்பவர்கள் எல்லாம் அந்நியக் கைக்கூலிகள், கென்டக்கி சிக்கன் பொட்டலத்துக்கு வந்தவர்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரி 11 அன்று முபாரக் பதவியை விட்டுப் போனார். மார்ச்சில் நீங்கள் வீட்டில் துணி துவைக்கிற அறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கேமரா வைத்து உட்கார்ந்துவிட்டீர்கள். பின்னால் சதுக்கத்தில் எடுத்த புகைப்படங்கள். அமெரிக்காவில், கிளீவ்லாண்டில் மருத்துவமனை வேலைக்குப் போக விசாவுக்குக் காத்திருந்த நேரம் அது. நிகழ்ச்சிக்கு வைத்த பெயர் ‘பி பாசிட்டிவ்’, உங்கள் ரத்த வகை. லேசான ரத்தத்துக்கு அது பொருத்தமான வகைதான் போலிருக்கிறது. மூன்றே மாதத்தில் 50 லட்சம் பார்வைகள். கிளீவ்லாண்டுக்கு ஒரு டாக்டர் குறைந்தார்.

பிறகு வந்தது ‘அல் பெர்னாமெக்’. அந்தப் பெயருக்கு ‘நிகழ்ச்சி’ என்றுதான் அர்த்தம் என்று தெரிந்தபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஹோட்டலுக்கு ‘ஹோட்டல்’ என்று பெயர் வைத்த மாதிரி. 2011 ரமலானில் ஓஎன் டிவி, 2012 நவம்பரில் சிபிசி. சிபிசிக்குப் போன முதல் நாளே அந்தச் சேனலின் ஆட்களையே கிண்டல் செய்தீர்கள். கெய்ரோவின் நடுவே ஒரு பழைய தியேட்டரில் ஆட்களை உட்கார வைத்து நடத்தினீர்கள். வாரம் மூன்று கோடிப் பேர் பார்த்ததாகச் சொல்வார்கள். இட்டுக்கட்டிய ஜோக்கைவிட நீங்கள் அதிகம் நம்பியது பழைய வீடியோவை. ஒரு ஷேக் நேற்று சொன்னது, அதே ஷேக் போன வருடம் சொன்னது, இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, கேமராவைப் பார்த்து ஒரு முழி. அந்த முழிக்கு மட்டும் எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

முபாரக்குக்குப் பிறகு தேர்தலில் ஜெயித்து வந்த அதிபர் முர்ஸியின் படம் போட்ட தலையணையைக் கட்டிக்கொண்டு நீங்கள் கொஞ்சிய நாளில் எங்கள் எஞ்சினியர் ஸ்டோர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். 2013 மார்ச்சில் முர்ஸிக்குப் பாகிஸ்தானில் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்து ஒரு தொப்பி வைத்தார்கள். அதைப் பார்த்து ராட்சத அளவில் ஒரு தொப்பி செய்து நீங்கள் தலையில் வைத்துக்கொண்டீர்கள். மாதக் கடைசியில் இஸ்லாத்தையும் அதிபரையும் அவமதித்ததாகப் பிடிவாரண்டு வந்தபோது, அதே தொப்பியோடு சரணடையப் போனீர்கள். உள்ளே இருந்தபடியே ட்விட்டரில் போட்டீர்கள்: போலீஸ் அதிகாரிகளும் வக்கீல்களும் என்னோடு படம் எடுத்துக்கொள்ள ஆசைப்படுகிறார்கள், ஒருவேளை அதற்குத்தான் கூப்பிட்டார்களோ என்று. 15,000 எகிப்து பவுண்ட் ஜாமீன். எஞ்சினியர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்த ஜூனில் அமெரிக்க டிவி நையாண்டிக்காரர் ஜான் ஸ்டூவர்ட் கெய்ரோவுக்கு வந்தார். நீங்கள் குருவாக நினைத்தவர். ஒற்றனைப் பிடித்த மாதிரி தலையில் துணி மூடி மேடைக்கு அழைத்து வந்தீர்கள். ஒரு ஜோக்கைத் தாங்கும் பலம் இல்லாத ஆட்சி ஆட்சியே இல்லை என்று அவர் சொன்னார். அரங்கம் அதிர்ந்தது. இரண்டு வாரத்துக்குள் முர்ஸியின் ஆட்சி போய்விட்டது. அப்போது அந்த வாக்கியம் தீர்க்கதரிசனம் மாதிரி இருந்தது. இப்போது யோசித்தால் அவர் சொன்னது தப்பு என்றே படுகிறது, டாக்டர். தடுமாறிக்கொண்டே உங்கள் ஜோக்கைத் தாங்கிய ஆட்சி விழுந்துவிட்டது. தாங்கவே தாங்காத ஆட்சி அசையாமல் நின்றது.

ஜூலை 3இல் ராணுவம் முர்ஸியை இறக்கியது. உங்கள் நிகழ்ச்சிக்கு அது விடுமுறைக் காலம். முர்ஸி போக வேண்டும் என்றுதான் நீங்களும் நினைத்தீர்கள், அதை மறைக்கவும் இல்லை. ஜெயித்தவர்களின் பழிவாங்கும் வெறியைக் கண்டித்து அல் ஷுரூக் நாளிதழில் எழுதவும் செய்தீர்கள். அதற்கு ஒரு மரியாதை. ஆகஸ்ட் 14 அன்று ராபா சதுக்கத்தில் கூடியிருந்த முர்ஸி ஆதரவாளர்களைப் பாதுகாப்புப் படைகள் கலைத்தபோது ஒரே நாளில் குறைந்தது 817 பேர் செத்தார்கள் என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் கணக்குச் சொல்கிறது. பத்து வாரம் கழித்து, அக்டோபர் 25 அன்று நீங்கள் திரும்பி வந்தீர்கள். செத்தவர்களின் பாரம் அந்த மேடையில் எனக்குப் போதுமான அளவு தெரியவில்லை. இது மூன்றாம் மொழியில் அரைகுறையாகப் பார்த்தவனின் வருத்தம், அவ்வளவுதான்.

ஆனால் அன்றைக்கு நீங்கள் செய்ததும் லேசான காரியமில்லை. முர்ஸியை இறக்கிய ராணுவத் தளபதி ஜெனரல் ஸிஸியின் மேல் ஊரெல்லாம் பைத்தியம் பிடித்துக் கிடந்தது. அவர் முகம் போட்ட சாக்லேட் விற்றது, கேக் விற்றது. அவரைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, அவர்மேல் ஊர் வைத்த காதலைக் கொஞ்சம் கிண்டல் செய்தீர்கள். ஒரே ஒரு எபிசோட். நவம்பர் 1 அன்று அடுத்த எபிசோட் வரவேயில்லை, சிபிசி நிறுத்திவிட்டது.

நான் சொல்ல வந்தது இந்த இடம்தான். அக்டோபர் 26, சனிக்கிழமை காலை. எஞ்சினியர் வந்தார். டெலிவரி நோட்டை எடுத்தார், வரி வரியாகப் படித்தார், கையெழுத்துப் போட்டார். அவர் அதைப் படித்து நான் பார்த்ததே இல்லை. “பாஸெம் வந்தாரே, பார்க்கவில்லையா?” என்றேன். “பார்த்தேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அவன் ரத்தம் கனத்துப்போய்விட்டது” என்றார். அவர் போனின் முகப்பில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஸிஸி இருந்தார்.

அதற்கு முன்னால் வரை, ஒரு நிகழ்ச்சியை நிறுத்துவது என்றால் மேலே இருந்து யாரோ போன் போடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். போனும் போட்டிருப்பார்கள். ஆனால் அந்தப் போனைப் போடுகிறவனுக்குத் தைரியம் கொடுத்தது எங்கள் எஞ்சினியர் மாதிரி ஆட்கள். ஆறு மாதம் முன்பு உங்களுக்காக டீ வாங்கிக் கொடுத்த மனிதர் மாறவில்லை, ஜோக் பாய்ந்த திசைதான் மாறியது. அவர் கெட்டவரும் இல்லை. அடுத்த வீட்டுக்காரனின் அப்பாவைக் கிண்டல் செய்தால் சிரிப்போம், நம் அப்பாவைச் செய்தால் கை ஓங்குவோம். அவருக்கு அந்த வருடம் ஒரு அப்பா கிடைத்திருந்தார்.

2014 பிப்ரவரியில் எம்பிசி சேனலில் மறுபடி வந்தீர்கள். அதே மாதம்தான் அந்த மெஷினும் வந்தது. எய்ட்ஸையும் ஹெபடைடிஸ் சி-யையும் குணமாக்கும் கருவியைக் கண்டுபிடித்துவிட்டதாக எகிப்து ராணுவம் அறிவித்தது. நோயாளியிடமிருந்து எய்ட்ஸை எடுத்து அதையே கோஃப்தாவாக அவனுக்கு ஊட்டிவிடுவேன் என்று இப்ராஹிம் அப்தெல் ஆத்தி என்பவர் ராணுவ உடுப்பில் டிவியில் பேசினார். நையாண்டிக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அதுவும் அந்த நையாண்டிக்காரன் டாக்டராக இருந்துவிட்டால்? விட்டுவைக்காமல் அடித்தீர்கள். உங்கள் இரண்டு தொழிலும் ஒன்றாகச் சேர்ந்த இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

எஞ்சினியருக்கு அப்போதும் சிரிப்பு வரவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. அவருடைய அண்ணனுக்கு ஹெபடைடிஸ் சி. எகிப்துக் கிராமங்களில் நத்தைக் காய்ச்சல் என்ற புழு நோய்க்கு ஒரே ஊசியை மாற்றி மாற்றிப் போட்டு, ஒரு தலைமுறைக்கே பரவிய நோயாம் அது. ஜூன் 30 முதல் மெஷினில் சிகிச்சை என்று சொல்லியிருந்தார்கள். அண்ணன் பெயரைப் பதிய முடியுமா என்று ஊருக்குப் போன் போட்டு விசாரித்துக்கொண்டிருந்தார். “அந்த டாக்டருக்கு என்ன, அவனுக்கு ஈரல் நன்றாக இருக்கிறது” என்றார் உங்களைப் பற்றி. நான் பதில் சொல்லவில்லை. நீங்கள் சொன்னதுதான் சரி என்று தெரியும், ஆனால் அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

ஜூன் 2 அன்று நீங்களே மேடையை மூடினீர்கள். ஸிஸி ஜெயித்து அதிபரான தேர்தல் நேரத்தில் நிறுத்தி வைத்திருந்த நிகழ்ச்சி இனி வராது, குடும்பத்தின் பாதுகாப்பை நினைத்துப் பயந்து களைத்துவிட்டேன் என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னீர்கள். அந்த மாதக் கடைசியில் மெஷினும் ஒத்திவைக்கப்பட்டது, கண்டுபிடித்தவர்களுக்கு இன்னும் சோதனை பாக்கியிருக்கிறதாம். நிகழ்ச்சி இருந்திருந்தால் அந்த வெள்ளிக்கிழமை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்திருக்கிறேன்.

ஒரு நியாயத்தையும் எழுதிவிட வேண்டும். அதே அரசுதான் பின்னால் ஹெபடைடிஸ் சி-க்கான மாத்திரையை மலிவாகக் கொண்டுவந்தது. 2018இல் நாடு முழுக்கப் பரிசோதனை செய்தது. 2023 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் அதைப் பாராட்டி அங்கீகாரமும் கொடுத்தது. அண்ணன் மாத்திரையில் பிழைத்துக்கொண்டார். கோஃப்தா தேவைப்படவில்லை.

உங்களுக்கு அடுத்து வந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சிபிசியோடு வழக்கில் 10 கோடி பவுண்ட் அபராதம், 2014 நவம்பரில் அவசரமாக விமானம், துபாய், பிறகு அமெரிக்கா. நாங்கள் ஷார்ஜாவில் இருக்க, நீங்கள் அரை மணி தூரத்தில் துபாயில் இருந்திருக்கிறீர்கள். நாற்பது வயதுக்கு மேல், வேற்று மொழியில், சின்னச் சின்ன மேடைகளில் மறுபடி முதலிலிருந்து சிரிக்க வைக்கப் பழகினீர்கள். சொந்த மொழியில் மூன்று கோடிப் பேரைச் சிரிக்க வைத்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்? கேலரிக்குச் சிக்ஸர் அடித்தவன் தெருவில் டென்னிஸ் பந்தில் ஆடிய மாதிரியா? இல்லை, கொஞ்சம் நிம்மதியாகவே இருந்ததா?

நான் 2016இல் ஊருக்கு வந்துவிட்டேன். எஞ்சினியரோடு பெருநாள் வாழ்த்து, பொங்கல் வாழ்த்து என்ற அளவில் வாட்ஸப் தொடர்பு. 2023 அக்டோபர் 19 அன்று அவரிடமிருந்து ஒரு வீடியோ. இரண்டு நாள் முன்பு பிரிட்டிஷ் டிவி தொகுப்பாளர் பியர்ஸ் மார்கனோடு நீங்கள் பேசியது, இரண்டு கோடிப் பேருக்கு மேல் பார்த்தது. உங்கள் மனைவியின் குடும்பம் காஸாவில் குண்டுக்கு நடுவே இருக்க, நீங்கள் முகத்தை மாற்றாமல், என் மனைவியைக் கொல்லப் பல முறை முயன்றேன், பிள்ளைகளைக் கேடயமாக வைத்துக்கொள்கிறாள் என்றீர்கள். இன்றைய மாற்று விகிதம் என்ன, ஒரு உயிருக்கு எத்தனை உயிர் என்று திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். யாரும் விளக்காமலே ஒவ்வொரு வரியும் எனக்குப் புரிந்தது. சிரிப்பு மட்டும் வரவில்லை.

வீடியோவுக்குக் கீழே எஞ்சினியர் எழுதியிருந்தார்: “பார், தம்மு கஃபீஃப்!”

எனக்கு ஒரு குறும்பு. “அண்ணே, இவர் திரும்ப கெய்ரோவுக்கு வந்து வெள்ளிக்கிழமை ராத்திரி உங்கள் அதிபரைப் பற்றிப் பேசினால் பார்ப்பீர்களா?” என்று கேட்டு அனுப்பினேன்.

இரண்டு டிக்கும் உடனே நீலமாயின. டைப் செய்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. பிறகு ஒரு படம் வந்தது, அவருடைய பேத்தி, இரண்டு பல் முளைத்திருந்தது.

அன்புடன்,
பழைய ஸ்டோர் கீப்பர்