கேஸ் எங்கே போனது என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழில் கோடைக்கான வீட்டுக் குறிப்புகளில், ஏசி சரியாகக் குளிரவில்லை என்றால் கேஸ் தீர்ந்திருக்கும், ஆண்டுக்கு ஒருமுறை மறக்காமல் நிரப்பிக்கொள்ளுங்கள் என்று போட்டிருந்தீர்கள். காலைக் காப்பியோடு படித்த எனக்கு வயிறு எரிந்தது. இந்த ஒரு வரியை நம்பித்தான் மூன்று கோடையில் ஒன்பதாயிரம் ரூபாயைக் காற்றில் விட்டேன். நிஜமாகவே காற்றில்தான்.

ஏசிக்குள் இருக்கும் கேஸ், அடுப்பு சிலிண்டரில் இருப்பது மாதிரி எரிந்து தீருவதில்லை. மூடிய செம்புக் குழாய்க்குள்ளேயே அது சுற்றுகிறது: உள்ளே இருக்கும் காயிலில் (சுருள் குழாயில்) ஆவியாகி அறையின் சூட்டை வாங்கிக்கொள்கிறது, வெளியே கம்ப்ரஸரில் அமுங்கி அந்தச் சூட்டைத் தெருவில் கொட்டுகிறது, திரவமாகித் திரும்ப உள்ளே வருகிறது. ஃப்ரிட்ஜிலும் இதே கதைதான். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பதினான்கு வயது, இதுவரை ஒரு தடவைகூட யாரும் கேஸ் அடித்ததில்லை, ஐஸ் கட்டி இன்றைக்கும் கல் மாதிரி வருகிறது. ஏசியில் மட்டும் வருஷா வருஷம் எப்படிக் குறையும்? குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

என் கதையைச் சொல்கிறேன். 2022-இல் வீடு மாறி பெசன்ட் நகருக்கு வந்தோம், ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசியையும் கழற்றி எடுத்துவந்து மாட்டினார்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை என் மாமியார் ஒரு வாளியில் பிடித்து வைப்பார், வீடு துடைக்க. சென்னைப் புழுக்கத்தில் ராத்திரி முழுக்க ஓடினால் விடியும்போது முக்கால் வாளி இருக்கும். 2023 கோடையில் ஒருநாள், "என்னம்மா, இன்னைக்கு ரெண்டு சொம்புதான் இருக்கு" என்றார். அறை குளிரவில்லை என்று எங்களுக்குப் புரிவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே வாளிக்குத் தெரிந்துவிட்டது. காயில் நன்றாகக் குளிர்ந்தால்தான் காற்றில் உள்ள ஈரம் அதில் படிந்து தண்ணீராகும் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

மெக்கானிக் வந்தார், கேஸின் பிரஷரைக் காட்டும் மீட்டரை மாட்டினார், "கேஸ் கம்மியா இருக்குங்க" என்றார், அடித்தார், போனார். 2,800 ரூபாய். அடுத்த வருடம் வேறொருவர், அதே வசனம், 3,000. 2025 ஏப்ரலில் கத்திரி தொடங்கும் முன்பே ஜாக்கிரதையாக நானே கூப்பிட்டு அடிக்கச் சொன்னேன், 3,200. மே மாதமே வாளி மறுபடி காலி.

நான்காவதாக வந்த பையன் எங்கள் தெரு இஸ்திரிக்காரர் அனுப்பியவர். மீட்டரை அவர் பையிலிருந்து எடுக்கவே இல்லை. "இதைக் கழட்டி மாட்டினீங்களாக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. ஆமாம் என்றதும் பால்கனிக்குப் போய், அவுட்டோர் யூனிட்டில் செம்புக் குழாய் சேரும் இடத்தில் சுற்றியிருந்த கறுப்பு ஸ்பாஞ்சைப் பிரித்தார். நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு, அதில் தூசி ஒட்டிக் கறுத்துக் கிடந்தது. கேஸோடு சேர்ந்து கம்ப்ரஸர் ஆயிலும் கொஞ்சம் ஓடும், கேஸ் கசியும் இடத்தில் அதுவும் கசியும் என்றார். அப்புறம் ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டை டம்ளரில் கரைத்து, பழைய டூத் பிரஷால் அந்த நட்டில் தடவினார். அரை நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு நட்டின் அடியில் ஒரு குமிழ், மிக மெதுவாக, தவளையின் தொண்டை மாதிரி உப்பி வெடித்தது. அதே இடத்தில் இன்னொன்று. என் ஒன்பதாயிரம் ரூபாய் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

குழாயின் முனையை வெட்டிப் புதிதாக விரித்து, புது நட் போட்டு முறுக்கினார். நைட்ரஜன் ஏற்றி, பிரஷர் இறங்குகிறதா என்று பார்த்தார். வேக்குவம் பம்பை அரை மணி நேரத்துக்கு மேல் ஓடவிட்டு உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் இழுத்தார். கடைசியில் சிலிண்டரைத் தராசில் வைத்து, அவுட்டோர் யூனிட்டின் தகட்டில் குறித்திருந்தபடி 850 கிராம் ஆர்-32 கேஸை எடைபோட்டு ஏற்றினார். எடை போட்டுக் கேஸ் ஏற்றுவதை அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறேன், முன்னால் வந்த மூன்று பேரிடமும் தராசே கிடையாது. மீட்டரில் பிரஷர் குறைவாகக் காட்டினால் கேஸ் குறைவு என்று முடிவுகட்ட முடியாதாம், ஃபில்டரில் அழுக்கு அடைத்துக் காற்று போகாமல் இருந்தாலும் அப்படித்தான் காட்டும். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரஸரின் வேகமே மாறிக்கொண்டிருப்பதால் மீட்டர் இன்னும் ஏமாற்றும். அந்த நேரத்தில் மேலும் கேஸ் ஏற்றினால் அளவு மிஞ்சிக் கம்ப்ரஸருக்குத்தான் கேடு.

முன்னால் வந்தவர்களைத் திட்டி எழுதுவது என் நோக்கமில்லை. கோடையில் ஒரு நாளைக்கு எத்தனையோ வீடு ஏறி இறங்க வேண்டிய மனிதருக்குக் கசிவு தேட இரண்டு மணி நேரம் கிடைக்காது, நாமும் உடனே குளிர வேண்டும் என்று நெருக்குகிறோம். ஆனால் பத்திரிகை அதையே அறிவுரையாகப் போடக்கூடாது இல்லையா?

குளிராத ஏசி எல்லாமே கேஸ் கேஸ் இல்லை என்பதையும் சொல்லவேண்டும் (சிரிக்காதீர்கள், தமிழில் இரண்டும் ஒன்றாகவே வருகிறது). ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், மறுபக்கம் தெரியவில்லை என்றால் குழாயடியில் கழுவிக் காயவைத்து மாட்டிவிட்டு அப்புறம் மெக்கானிக்கைக் கூப்பிடலாமா என்று யோசிக்கலாம். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்தாலே பாதி வீடுகளில் புகார் இருக்காது என்பது என் எண்ணம். உள்ளே காயிலில் ஐஸ் கட்டியிருந்தால் கத்தியால் சுரண்டாதீர்கள், குழாய் ஓட்டையாகிவிடும். குளிரூட்டலை நிறுத்தி ஃபேன் மட்டும் ஓடவிட்டால் தானே உருகும். ஃபில்டர் சுத்தமாக இருந்தும் மறுபடி ஐஸ் கட்டினால்தான் கேஸைச் சந்தேகிக்க வேண்டும். ரிமோட்டில் பேரன் தட்டிவிட்ட மோடையும் பார்த்துவிடுங்கள், எங்கள் வீட்டில் ஒருமுறை வெறும் ஃபேன் மோடில் மூன்று நாள் ஓடியது.

வெளி யூனிட் மூச்சு விட இடமிருக்கிறதா என்பது அடுத்தது. எங்கள் அடுக்ககத்தில் கீழ்வீட்டுக்காரர் திருட்டுக்குப் பயந்து நாலு பக்கமும் பெட்டி மாதிரி அடைத்து, அதன் மேல் போர்வையும் காயப்போடுவார். யூனிட் தான் வெளியே தள்ளிய சூடான காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. கேஸ் அடித்துப் பார்த்தார், ஸ்டெபிலைசர் மாற்றிப் பார்த்தார், முன்பக்கத் தகட்டைக் கழற்றியதும் சரியாகிவிட்டது.

மதுரையில் என் தங்கை வீட்டுப் பழைய ஏசியில் வெளியே ஃபேன் சுற்றும், கம்ப்ரஸர் மட்டும் "ம்ம்" என்று முனகிவிட்டு டப்பென்று நின்றுவிடும். கம்ப்ரஸர் போச்சு, இருபதாயிரம் ஆகும் என்றார்கள். போனது கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர், தலை உப்பிப்போன ஒரு சின்ன டப்பா, விலை சில நூறு ரூபாய். இன்வெர்ட்டர் இல்லாத ஏசிகளில் இது அடிக்கடி போகும். ஆனால் அதை நீங்களே திறக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், தொட்டால் தூக்கியடிக்கும்.

வீட்டில் சாதாரணத் தெர்மாமீட்டர் இருந்தால் (காய்ச்சலுக்கு வைப்பது உதவாது) ஏசி கால் மணி நேரம் ஓடிய பிறகு, மேலே காற்று உள்ளே போகும் இடத்திலும் கீழே காற்று வெளியே வரும் இடத்திலும் வைத்துப் பாருங்கள். 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஏசி தன் வேலையைச் செய்கிறது. மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறைக்கு ஒரு டன் போதவில்லை என்றால் அது வேறு வழக்கு, அதற்குக் கேஸ் அடித்துப் பயனில்லை.

மெக்கானிக் கேஸ் என்று வாயைத் திறந்தால், எங்கே கசிகிறது, காட்டுங்கள் என்று கேளுங்கள். காட்டாமல் ஏற்றுவதாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இன்னொன்று, ஆர்-32 தீப்பிடிக்கக்கூடிய வாயு, கசிவு பார்க்கிறேன் என்று யாராவது லைட்டரை எடுத்தால் உடனே தடுங்கள். கரியமில வாயுவைவிட 675 மடங்கு பூமியைச் சூடாக்கும் சரக்கும்கூட அது. அந்த 850 கிராம் வெளியே போனால் அரை டன்னுக்கு மேல் கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். கடற்கரைக்குப் பக்கத்தில் உப்புக் காற்றில் காயிலே அரிக்கும் என்பதால் என்னைப் போன்றவர்களுக்குக் கசிவு திரும்ப வரலாம், அப்போதும் முதலில் ஷாம்பு, பிறகுதான் கேஸ்.

எங்கள் வீட்டில் வாளி இப்போது விடியும் முன்பே முக்காலைத் தாண்டுகிறது. தயவுசெய்து அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அதை எழுதியவர் தன் வீட்டு ஃப்ரிட்ஜுக்குக் கடைசியாக எப்போது கேஸ் அடித்தார் என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெசன்ட் நகர், சென்னை