ஐந்தரை மணி நேர வித்தியாசம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. நான் உடனே பதில் எழுதாததற்கு ஒரு சர்வர்தான் காரணம். நீயும் இதே வேலையில் இருப்பவன் என்பதால் அந்தக் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் டேட்டாபேஸ் சர்வர் ஒரு நாள் இரவு 2.12க்கு அப்படியே நின்றுவிட்டது. லினக்ஸ் லாகில், அதாவது நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் பதிவில், காரணம் எதுவும் இல்லை, பாதியில் அறுந்து கிடந்தது. காலையில் வந்த பையன் இரண்டு பவர் கேபிளையும் பிடுங்கிச் செருகி மெஷினை எழுப்பிவிட்டான். அப்புறம் பிஎம்சியின், அதாவது மெஷினைத் தனியாகக் கண்காணிக்கும் சின்னச் சிப்பின், ஈவண்ட் லாகைத் திறந்தோம். 02:05க்கு, ஒரு பவர் சப்ளைக்கு மின்சாரம் வரவில்லை என்று ஒரு வரி. நிற்பதற்கு ஏழு நிமிடம் முன்னால்! பவர் சப்ளைதான் என்று முடிவுகட்டி, புதிது வாங்கி மாட்டினோம். நாலாம் நாள் மறுபடி நின்றது.

அன்றைக்குத்தான் பிஎம்சி கடிகாரத்தைப் பார்த்தேன். அது யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். அப்படியானால் 02:05 என்பது காலை 7.35, பையன் கேபிளைப் பிடுங்கிய நேரம். அதற்கு மேல் வரியில், 20:42க்கு, ஏ2 என்ற ஸ்லாட்டில் செருகியிருந்த மெமரியில் திருத்த முடியாத ஈசிசி பிழை. முந்தின நாள் சாயங்காலம் நடந்தது, அதற்கப்புறமும் மெஷின் ஓடியதே என்று அதை நாங்கள் ஒதுக்கியிருந்தோம். ஐந்தரையைக் கூட்டிப் பார், சரியாக 2.12.

ஈசிசி என்றால் பிழை திருத்தும் முறை. அந்த மெமரி ஒவ்வொரு 64 பிட்டுக்கும் 8 பிட் கூடுதலாக வைத்திருக்கிறது. ஒரு பிட் புரண்டால் தானே திருத்திக்கொள்ளும். இரண்டு புரண்டால், தப்பு என்று மட்டும் தெரியும், திருத்த வழியில்லை. எங்கள் மெஷின் ஆறு வாரமாக "திருத்தப்பட்ட பிழை, ஏ2" என்று மெயில் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. அத்தனையும் யாரும் திறக்காத ஒரு ஃபோல்டரில் கிடந்தன. அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. கூகுள் சர்வர்களை வைத்து 2009இல் வந்த ஆய்வில், ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மெஷின்களில் ஒருமுறையாவது இந்தத் திருத்தப்பட்ட பிழை வந்திருக்கிறது. ஒன்றிரண்டு வந்தால் பயப்பட வேண்டாம். ஒரே ஸ்லாட்டில் திரும்பத் திரும்ப வந்தால் விடக்கூடாது.

ஏ2வில் இருந்ததை பி2வுக்கு மாற்றிப் போட்டேன். மறுநாளே பி2வில் பிழை. ஸ்லாட்டில் குறையில்லை, மெமரிதான் என்று உறுதியானது. மாற்றியாயிற்று, இப்போது அமைதியாக ஓடுகிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஃபேன் எச்சரிக்கை சிவப்பாகவே நிற்கிறது, லாகை அழித்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். அழிக்காதே. முதலில் ஒரு ஃபைலில் எடுத்து வைத்துக்கொள். லாக் நிரம்பிவிட்டால் சில மெஷின்கள் புதிதாக எதையும் பதியாது, அதற்காக அழிப்பதென்றாலும் பிரதி எடுத்த பிறகுதான். அப்புறம் வரிசையைப் பார்: உள்ளே வரும் காற்றின் வெப்பம் முதலில் ஏறியதா, ஃபேன் வேகம் முதலில் குறைந்ததா? வெப்பம் முதலில் என்றால் அறையின் ஏசியையும் தூசியையும் கவனி. வேகம் முதலில் என்றால் ஃபேனை மாற்று.

அந்த ஃபைலை எனக்கும் அனுப்பு. அனுப்பும்போது பிஎம்சி கடிகாரம் என்ன நேரம் காட்டுகிறது, உன் கைக்கடிகாரம் என்ன காட்டுகிறது, இரண்டையும் குறித்து அனுப்பு. அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
செல்வம்