ஸ்ட்ராப் மாட்டாத ஹெல்மெட் சட்டப்படியே ஹெல்மெட் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஹெல்மெட் சோதனை நடக்கும் இடங்களில் தலையில் ஹெல்மெட் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தாடைக்குக் கீழே ஸ்ட்ராப் மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அபூர்வம். இரண்டு பக்கமும் பட்டை காற்றில் ஆட, வண்டிகள் போலீஸ்காரரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கின்றன. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவோ, பட்டையால் தலையோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டிருந்தால்தான் அது தலைக்கவசம் என்று விளக்கம் தருகிறது. அப்படியானால் ஸ்ட்ராப் தொங்க ஓட்டுபவரும் 194டி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதத்துக்கும் மூன்று மாத உரிமத் தடைக்கும் உரியவர்தான்.

விபத்தில் தலை பெரும்பாலும் ஒரு தடவை மட்டும் அடிபடுவதில்லை. முதலில் காரின் பானெட், அடுத்து தார்ச் சாலை, பிறகு சென்டர் மீடியன். ஸ்ட்ராப் மாட்டாத ஹெல்மெட் முதல் அடியிலேயே கழன்று உருண்டுவிடும். மீதி அடியை வெறுந்தலைதான் வாங்கும்.

'பக்கத்துத் தெருவுக்குத்தானே' என்பவர்களுக்கு ஒரு கணக்கு. நிற்கிற வண்டியிலிருந்து சாய்ந்து விழுந்தாலே தலை ஏறக்குறைய ஐந்தடி உயரத்திலிருந்து தரைக்கு வருகிறது. அப்போது அதன் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரை நெருங்கும். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் அடுக்கு நசுங்கி, அந்த வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. உயிர் காப்பது இந்த அடுக்குதான். மேல் ஓட்டின் வேலை, அடியை ஓரிடத்தில் குவியவிடாமல் பரப்புவது. நசுங்கிய தெர்மாகோல் பழைய நிலைக்குத் திரும்பாது. அதனால் பலமாக ஒரு முறை அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல் மட்டுமே தெரிந்தாலும், அத்தோடு சரி. கண்ணாடிக் கம்பியில் மாட்டி வைப்பதால் உள்ளே குழி விழுவதும், பெட்ரோல் அல்லது தின்னர் தொட்டுத் துடைப்பதால் ஓடு இற்றுப்போவதும் இதே கெடுதலைத்தான் செய்கின்றன. சோப்புத் தண்ணீர் போதும்.

வாங்கும்போது உள்துணியை ஓர் ஓரம் விலக்கிக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியான தெர்மாகோல் தட்டுப்பட வேண்டும். சாலையோரத்தில் மலிவாகக் கிடைப்பவை பலவற்றில் பஞ்சும் பிளாஸ்டிக் ஓடும் மட்டுமே இருக்கும். ஐஎஸ்ஐ முத்திரையின் மேலே 'ஐஎஸ் 4151' என்றும், கீழே 'சிஎம்/எல்' என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) 'பிஐஎஸ் கேர்' செயலியில் தட்டினால் யாருடைய உரிமம் என்று தெரிந்துவிடும். கட்டட வேலைக்கான மஞ்சள் ஹெல்மெட்டிலும் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கும், ஆனால் அதன் எண் ஐஎஸ் 2925. அது மேலிருந்து விழும் கல்லுக்கானது, சாலைக்கு உதவாது.

அடுத்தது அளவு. புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே, தலையைச் சுற்றி டேப் பிடியுங்கள். 58 சென்டிமீட்டர் என்றால் 580 எண் ஹெல்மெட். போட்டதும் கன்னம் லேசாக அமுங்க வேண்டும். ஹெல்மெட்டைப் பிடித்து ஆட்டினால் தலையும் கூடவே திரும்ப வேண்டும். 'கொஞ்சம் லூசா இருந்தா காத்து வரும்' என்று பெரிய அளவு வாங்குவது மிகத் தவறான யோசனை. ஸ்ட்ராப்புக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் மட்டும் நுழையட்டும். பிறகு பின்விளிம்பைப் பிடித்து முன்பக்கமாக உருட்டிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்கள் ஹெல்மெட் அல்ல. உச்சியில் கொண்டை போட்டால் ஹெல்மெட் மேலே ஏறி நிற்கும். கழுத்துக்கு இறக்கிப் பின்னிக்கொள்வது நல்லது.

இரட்டை வளைய ஸ்ட்ராப்பில் பலரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. பட்டையை இரண்டு வளையத்துக்குள்ளும் நுழைத்து, வெளி வளையத்தின் மேலாகத் திருப்பி, உள் வளையத்துக்குள் மட்டும் விட்டு இழுக்க வேண்டும். நுனியிலுள்ள பட்டன் மிச்சப் பட்டை காற்றில் அடிக்காமல் இருப்பதற்கு. அதை மட்டும் அழுத்திவிட்டுப் போனால் ஸ்ட்ராப் மாட்டியதாகாது. கிளிப் வகையில் 'டிக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். நாளடைவில் பட்டை வழுக்கித் தளர்ந்துவிடும், மாதம் ஒரு முறை இறுக்குங்கள்.

மனம் பதறுவது பள்ளி நேரத்தில்தான். அப்பா தலையில் ஹெல்மெட், பின்னால் யூனிஃபார்மில் இரண்டு வெறுந்தலைகள். நான்கு வயதுக்கு மேல் பெரியவர்களுக்குள்ள சட்டமே பிள்ளைகளுக்கும். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை, ஹெல்மெட்டோடு ஓட்டுபவருடன் பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரி 15 முதல் நடப்பில் இருக்கிறது. பெரியவர் ஹெல்மெட்டைக் குழந்தைக்கு மாட்டுவது தீர்வாகாது. அது கண்ணை மறைக்கும், கழுத்தில் பாரமாக இறங்கும். குழந்தைகளுக்கென்றே சிறிய அளவுகள் கடைகளில் கிடைக்கின்றன.

காவல்துறைக்கு ஒரு வேண்டுகோள்: சோதனையின்போது ஸ்ட்ராப்பையும் பாருங்கள். முதல் ஒரு மாதம் அபராதம் வேண்டாம். வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, அங்கேயே மாட்ட வைத்து அனுப்புங்கள். பள்ளிகள் காலையில் வாசலில் ஓர் ஆசிரியரை நிறுத்தி, பின்னால் உட்கார்ந்து வரும் பிள்ளையின் தலையையும் பார்க்கச் சொல்லலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்