வாங்கும் முன் ஒரு மழைக்காலம் குடியிருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெருநகரத்தை விட்டுச் சின்ன நகரங்களுக்குக் குடிபோகிறவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் வீட்டுமனைப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல காற்று, நெரிசல் இல்லாத சாலை, நடந்தே போய்வரக்கூடிய கடைத்தெரு என்று அதில் சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் விலை ஏறுவதற்குள் வாங்கிவிடுங்கள் என்று கட்டுரையை முடித்திருந்தது கவலையாக இருந்தது. வீடு வாங்க நினைப்பவர்களுக்காக அந்த வீட்டைப் பரிசோதித்து அறிக்கை கொடுக்கும் கட்டடப் பொறியாளர் நான். அவசரப்பட்டு வாங்கிவிட்டு, அப்புறம் கூப்பிடுகிறவர்களின் வீட்டைப் பார்ப்பதிலேயே என் வேலையில் பாதி போகிறது. அந்த அனுபவத்தில் இருந்துதான் எழுதுகிறேன்.

எல்லாருக்கும் பிடித்த சின்ன ஊர் ஒன்று மனதுக்குள் எப்படி வருகிறது? பெரும்பாலும் விடுமுறைக்குப் போய் நாலு நாள் தங்கியதில் வருகிறது. விடுமுறைக்கு யாரும் மோசமான பருவத்தில் போவதில்லை. வீட்டை விற்பவரும் நல்ல வெயில் நாளில்தான் ஆளை அழைத்துக் காட்டுவார். ஆக, வாங்குகிறவர் அந்த ஊரின் ஒரு முகத்தை மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கிறார்.

அப்படி ஓர் ஊரில் ஏரியை ஒட்டியிருந்த ஒரு வீட்டைப் பார்த்துச் சொல்லும்படி, பணி ஓய்வு பெற்ற ஒரு தம்பதி என்னை அழைத்திருந்தார்கள். "எங்களுக்கு எல்லாம் பிடிச்சுப்போச்சு மேடம், நீங்க சரின்னு சொன்னா நாளைக்கே அட்வான்ஸ் குடுத்துடலாம்" என்றார் அந்த அம்மாள். உள்ளே நுழைந்ததும் புதுப் பெயின்ட் வாசனை. எல்லா அறையிலும் சுவரின் கீழ்ப்பாதி மட்டும் புதிதாக இருந்தது. மேலே பழைய நிறம். படுக்கையறையில் இருந்த கனமான மர அலமாரியை நகர்த்தச் சொன்னேன். அதற்குப் பின்னால் பெயின்ட் அடிக்கவில்லை. முழங்கால் உயரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு, அதைச் சுற்றிலும் விரலால் தேய்த்தால் உதிரும் வெள்ளை உப்பு. தரையிலிருந்து சுவரில் ஊறி ஏறும் ஈரமாக இருந்தால் அதன் விளிம்பு ஏறியும் இறங்கியும் இருக்கும். இந்தக் கோடு நூல் பிடித்த மாதிரி ஒரே மட்டத்தில் இருந்தது. அந்த உயரத்துக்குத் தண்ணீர் வந்து நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

வெளியே வந்து பக்கத்து வீட்டில் விசாரித்தோம். "மழைக்கு வந்து பாருங்கம்மா, தெரு எது ஏரி எதுன்னு தெரியாது" என்றார் அங்கிருந்த பெரியவர். அந்தத் தம்பதிக்கு முகமே வாடிவிட்டது. ஊரை விட்டுவிடவும் அவர்களுக்கு மனமில்லை. அதே ஊரில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். மழையெல்லாம் ஓய்ந்த பிறகு மேட்டுத் தெருவில், ஏரி கண்ணில் படாத ஒரு சாதாரண வீட்டை வாங்கினார்கள். சந்தோஷமாக இருக்கிறார்கள்.

வெள்ளத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'இது நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம்' என்று சொன்னால், போன வருடம்தானே வந்தது, இனி நம் காலத்தில் வராது என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு வருடமும் அது வருவதற்கு 1 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். போன வருடம் வந்திருந்தாலும் இந்த வருடமும் அதே 1 சதவீதம்தான். 30 வருடக் கடனில் வீடு வாங்கினால், கடன் தீர்வதற்குள் ஒருமுறையாவது அந்த வெள்ளம் வருவதற்கான வாய்ப்பு சுமார் 26 சதவீதம், ஏறக்குறைய நாலில் ஒன்று. வங்கிக் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது.

அடுத்தது மருத்துவம். ஊரில் ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இருக்கிறது என்ற பதிலோடு விட்டுவிடுகிறார்கள். பக்கவாதம் வந்தால், மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்து, அது ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். எனவே கேட்க வேண்டிய கேள்வி, இரவு இரண்டு மணிக்கு அங்கே ஸ்கேன் எடுக்க ஆள் இருக்குமா என்பதுதான். வயதான காலத்தில் அமைதியைத் தேடிப் போகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது.

அந்த இரவு வேலைக்கு ஆள் கிடைப்பதும் வீட்டுப் பிரச்சினையோடு சேர்ந்ததுதான். வெளியூர்க்காரர்கள் போட்டி போட்டு வாங்கி, வருடத்தில் சில வாரம் மட்டும் வந்து தங்கிவிட்டுப் பூட்டிப் போகும் வீடுகள் பெருகினால், செவிலியரும் பஸ் டிரைவரும் ஆசிரியரும் குடியிருக்க வீடு கிடைக்காமல் வெளியே போய்விடுகிறார்கள். பல நாடுகள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் 2012ல் பொது வாக்கெடுப்பு நடத்தி, எந்த உள்ளாட்சிப் பகுதியிலும் இப்படிப்பட்ட இரண்டாம் வீடுகள் மொத்த வீடுகளில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் என்ற கடலோர ஊரில் 2016ல், புதிதாகக் கட்டும் வீடுகளில் நிரந்தரமாக வசிப்பவர்கள்தான் இருக்க வேண்டும் என்ற விதிக்கு, வாக்களித்தவர்களில் 80 சதவீதத்துக்கும் அதிகமானோர் ஆதரவு தந்தார்கள். கனடாவின் விஸ்லரில், அந்த ஊரில் வேலை செய்கிறவர்களுக்கென்றே வீடுகளை ஒதுக்க 1997ல் தனி அமைப்பு தொடங்கினார்கள். ஊர் அழகாக இருப்பதற்குக் காரணமான மனிதர்களே அங்கே வாழ முடியாமல் போகும் நிலை வந்த பிறகுதான் இதெல்லாம் நடந்தது. குடிபோகிறவர் அங்கேயே முழு நேரமும் வசித்தால், கடைக்குப் போவார், பேருந்தில் ஏறுவார், குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பார், ஊருக்கும் நல்லது. பூட்டிக் கிடக்கும் வீட்டால் யாருக்கும் பயனில்லை.

வாடகைக்கு இருந்து பார்ப்பதற்குள் விலை ஏறிவிடாதா என்பார்கள். ஏறலாம். ஆனால் சின்ன நகரத்தில் வாங்குகிறவர்கள் குறைவு. தவறான வீட்டில் மாட்டிக்கொண்டால் விற்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பதிவுச் செலவும் தரகும் இரண்டாவது முறை அழ வேண்டும். ஒரு வருட வாடகையைவிட அது பெரிய நஷ்டம்.

வாடகைக்கு இருக்க வழியே இல்லாதவர்கள், குறைந்தது மழைக்காலத்தில் ஒரு முறையும் கடும் கோடையில் ஒரு முறையும் போய்ப் பாருங்கள். வாங்கப்போகும் வீட்டில் எல்லாக் குழாயையும் அடைத்துவிட்டு, தண்ணீர் மீட்டரைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது. பூச்சில் தலைமுடி அளவுக்கு இருக்கும் கீறலுக்குப் பயப்பட வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, நாணயம் நுழையும் அளவுக்கு வாய் பிளந்த விரிசல் இருந்தால் பொறியாளரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். வசிக்க ஏற்ற நகரங்கள் என்று இனிப் பட்டியல் வெளியிடும்போது, ஒவ்வோர் ஊரின் பெயருக்குக் கீழும் நாலு தகவல்களைச் சேருங்கள்: மழையில் எந்தெந்தப் பகுதியில் தண்ணீர் நிற்கிறது, கோடையில் எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிநீர் வருகிறது, இரவில் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனை எவ்வளவு தூரம், வாடகைக்கு வீடு கிடைக்கிறதா. தங்கள் நிருபர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கேட்டால் கிடைக்கும் தகவல்தான். கட்டடம் சம்பந்தமாக என்ன கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்க நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
கட்டடப் பொறியாளர்